அலியின் பெயரில்லாமல் ஓர் அஞ்சலி

2011 நவம்பர் 7-ஆம் தேதி ஜோ ஃப்ரேசியர் பிலடெல்பியாவில் கல்லீரல் புற்றுநோயால் இறந்தார். வயது 67. ஒலிம்பிக் தங்கம், ஹெவிவெயிட் உலகப் பட்டம், 37 தொழில்முறைச் சண்டைகளில் 32 வெற்றி, அதில் 27 நாக்-அவுட். ஒன்று சமன். தோற்ற நான்கும் இரண்டே பேரிடம். இப்படிப்பட்ட கணக்குள்ள மனிதருக்கு எழுதப்பட்ட இரங்கல்களில் இரண்டாவது வாக்கியத்துக்குள் இன்னொருவர் வந்து உட்கார்ந்துகொண்டார். முகமது அலியை முதலில் தோற்கடித்தவர், அலியின் தீராப் பகையாளி, அலியை அலியாக்கியவர். நாலரை ஆண்டு கழித்து, 2016 ஜூன் 3 அன்று அலி இறந்தபோது ஃப்ரேசியருக்கு ஒரு பத்தி ஒதுக்கிவிட்டு மேலே போக எல்லோராலும் முடிந்தது.

மாலை போடும் இடத்துக்குத் தராசைத் தூக்கிக்கொண்டு வரலாமா என்று கேட்பார்கள். இரங்கலுக்கு அந்த முதல் வாரம் போதும். ஆனால் அந்த வாரத்தில் ரசிகர்கள் அழுதுகொண்டே சொன்ன வாசகங்கள்தான் பிறகு வரலாறாக உறைந்துபோகின்றன. ஃப்ரேசியர் விஷயத்தில் அப்படி உறைந்தவற்றில் சில அவருக்குத் தகுதிக்கு மேல் கொடுக்கின்றன, சில அவரிடமிருந்து பிடுங்குகின்றன. எது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் சண்டைக்காரரை எடுத்துக்கொள்வோம். எல்லாக் காலத்துக்குமான ஹெவிவெயிட் பட்டியலில் அவரை முதல் மூன்று இடங்களுக்குள் வைத்தே தீருவேன் என்ற ரசிகர்கள் அந்த வாரம் நிறையப் பேர். அன்பு சரி, கணக்கு உதைக்கிறது.

1944-இல் தென் கரோலினாவின் பியூஃபோர்ட் பக்கத்தில் குத்தகை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். தகப்பனாருக்கு இடது கை கிடையாது. பையனே வீட்டில் ஒரு குத்துமூட்டை செய்துகொண்டான்: பழைய சாக்கு, அதற்குள் கந்தலும் சோளக் கொண்டைகளும் மரப்பாசியும், நடுவில் ஒரு செங்கல். பன்றி துரத்தி விழுந்ததில் இடது கை முறிந்தது, டாக்டரைப் பார்க்க வசதியில்லை, கோணலாகவே கூடிவிட்டது, பிறகு முழுதாக நிமிரவேயில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். உலகத்தையே உலுக்கிய இடது ஹூக் அந்தக் கோணலில் பிறந்தது என்று ரசிகர்கள் விரும்பிச் சொல்வார்கள். கதை அழகானது. ஆனால் கை மடங்கியிருந்தால் மட்டும் ஹூக் வந்துவிடாது. ஹூக் இடுப்பிலிருந்து வருகிறது. முன்காலில் எடையை இறக்கி, இடுப்பைத் திருகி, தோளையும் முழங்கையையும் ஒரே வீச்சில் கொண்டுவர வேண்டும். அதைச் செதுக்கியவர் யாங்க் டர்ஹாம் என்ற பயிற்சியாளர். அவருக்குப் பின் அதே வேலையைத் தொடர்ந்தவர் எடி ஃபட்ச். ஆயிரக்கணக்கான மணி நேர உழைப்பை ஒரு பன்றியின் கணக்கில் எழுதுவது எனக்குச் சம்மதமில்லை.

1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்கு அவர் மாற்று ஆளாகத்தான் போனார். தகுதிச் சுற்றில் அவரை வென்ற பஸ்டர் மாதிஸுக்குக் கையில் காயம். அரையிறுதியில் இடது கட்டைவிரல் உடைந்தது. அதை வெளியே சொல்லாமல் இறுதிச் சண்டையில் ஜெர்மனியின் ஹான்ஸ் ஹூபரை 3-2 என்று வென்றார். அந்த ஆண்டு குத்துச்சண்டையில் அமெரிக்காவுக்குக் கிடைத்த ஒரே தங்கம் அது. தொழில்முறைக்கு வந்தபின் அதே மாதிஸை 1968-இல் வீழ்த்தி நியூயார்க் ஆணையத்தின் பட்டத்தைப் பிடித்தார். 1970 பிப்ரவரியில் ஜிம்மி எல்லிஸை நாலு ரவுண்டில் முடித்து, பிரிந்து கிடந்த பட்டத்தை ஒன்றாக்கினார். எல்லிஸ் ஐந்தாவது ரவுண்டுக்கு எழவில்லை. (இந்த எல்லிஸை நம்மூர் பழைய ரசிகர்கள் நேரில் பார்த்திருக்கிறார்கள். 1980 ஜனவரியில் சென்னை நேரு ஸ்டேடியத்தில் எம்.ஜி.ஆர். முன்னிலையில் அலியோடு காட்சிச் சண்டை போட்டவர் அவர்தான். வடசென்னையில் இன்றும் அலி படம் மாட்டிய சுவர்கள் உண்டு. ஃப்ரேசியர் படம் மாட்டிய சுவரை நான் பார்த்ததில்லை.)

அதற்குப் பிறகு அவர் பட்டம் காத்த சண்டைகள் எவை? எடை குறைந்த பிரிவின் சாம்பியனான பாப் ஃபாஸ்டர், பிறகு அலி, பிறகு 1972-இல் டெர்ரி டேனியல்ஸ், ரான் ஸ்டாண்டர். கடைசி இருவரும் பட்டத்துக்குப் போட்டியிடும் தகுதியுள்ளவர்கள் என்று அன்றே யாரும் நம்பவில்லை. 1973 ஜனவரி 22 அன்று ஜமைக்காவின் கிங்ஸ்டனில் ஜார்ஜ் ஃபோர்மன் இரண்டு ரவுண்டுக்குள் ஆறு தடவை அவரைத் தரையில் சாய்த்தார். பந்தயக்காரர்கள் ஃப்ரேசியர் பக்கம் பணம் கட்டியிருந்த சண்டை அது. குனிந்து குனிந்து உள்ளே வரும் ஒருவருக்குக் கீழிருந்து மேலே வரும் குத்துதான் எமன். ஃபோர்மனிடம் அது இருந்தது, தள்ளி நிறுத்த நீளமான கையும் இருந்தது. 1976-இல் மறுபடி மோதினார்கள், ஐந்தாவது ரவுண்டில் முடிந்தது. ஆகவே இது ஒரு நாள் கோளாறு அல்ல. ஃப்ரேசியரின் பாணியில் இருந்த ஓட்டை.

மெதுவாகச் சூடேறும் ஆள் என்பதும் உண்மை. 1966-இல் ஆஸ்கர் போனவேனா இரண்டாவது ரவுண்டில் அவரை இரண்டு முறை வீழ்த்தினார். சாகக் கிடந்து, பிளவுபட்ட தீர்ப்பில்தான் தப்பினார். வலது கை கடைசிவரை துணைக்கை. உச்சம் மூன்று நான்கு ஆண்டுகளே. 25 முறை பட்டம் காத்த ஜோ லூயிஸ் இருக்கிற, அலியும் ஃபோர்மனும் ஹோம்ஸும் இருக்கிற பட்டியலில் முதல் மூன்று என்பது பாசத்தில் சொன்ன பேச்சு. முதல் பத்தில் சந்தேகமில்லாமல் இருக்கிறார். முதல் ஐந்தில் என்னால் வைக்க முடியவில்லை.

ஆனால் ஒரு ராத்திரியை மட்டும் எடுத்துக்கொண்டு பேசினால் நிலைமை மாறிவிடுகிறது.

1971 மார்ச் 8, மேடிசன் ஸ்கொயர் கார்டன். தோல்வியே காணாத இருவர்: ஃப்ரேசியர் 26 வெற்றி, அலி 31. ஆளுக்கு 25 லட்சம் டாலர். ஃப்ராங்க் சினாட்ரா டிக்கெட் கிடைக்காமல் பத்திரிகைக்குப் படம் எடுக்கும் சாக்கில் ரிங் ஓரத்தில் இடம் பிடித்தார் என்பார்கள். கேமராவோடு அவர் அங்கே இருந்தது நிஜம். அலி 6 அடி 3 அங்குலம். ஃப்ரேசியர் 6 அடிக்கு அரை அங்குலம் குறைவு, எடையிலும் நாலைந்து கிலோ குறைவு. இந்த உயரத்தில் இருப்பவர் அந்த நீளக் கைகளுக்குள்ளே புக வேண்டுமென்றால் முகத்தில் வாங்கிக்கொண்டுதான் புக வேண்டும்.

ஃபட்ச் ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். அலி கீழிருந்து மேலே அப்பர்கட் போடும்போது வலது கையைத் தாடையிலிருந்து இறக்கிவிடுவார். அந்தக் கை இறங்கும் அதே கணத்தில் இடது ஹூக்கை விடு என்பது ஃப்ரேசியருக்கு அவர் சொல்லிக்கொடுத்த பாடம். முதல் ரவுண்டுகளில் அலி குத்திவிட்டு, வலிக்கவில்லை என்று கூட்டத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். ஃப்ரேசியர் கைகளைக் கீழே போட்டு முகத்துக்கு நேரே சிரித்தார். நடுவில் வயிற்றிலும் விலாவிலும் இடைவிடாத அடி. பதினொன்றாவது ரவுண்டில் அலியின் கால்கள் தள்ளாடின. பதினைந்தாவது ரவுண்டு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அந்த வலது கை இறங்கியது. ஃப்ரேசியரின் இடது, கிட்டத்தட்ட முழங்கால் உயரத்திலிருந்து கிளம்பித் தாடையில் விழுந்தது. அலி மல்லாக்க விழுந்தார். ஷூவில் கட்டியிருந்த சிவப்புக் குஞ்சங்கள் மேலே பறந்தன. அதிசயம் என்னவென்றால் உடனே எழுந்துவிட்டார். அந்தக் குத்துக்கு எழுந்தது அலியின் பெருமை. அந்தக் குத்தை 43-ஆவது நிமிடத்திலும் அதே வேகத்தில் விட முடிந்தது ஃப்ரேசியரின் பெருமை. நடுவர் உட்பட மூன்று பேரும் ஃப்ரேசியருக்கே தீர்ப்பளித்தார்கள்.

இங்கே அலி ரசிகர்களின் ஆட்சேபம் ஒன்று இருக்கிறது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால் அலி மூன்றரை ஆண்டு ரிங்கில் ஏறவில்லை. 1970 அக்டோபரில் திரும்பி வந்து குவாரியோடும் போனவேனாவோடும் இரண்டே சண்டை போட்டுவிட்டு ஃப்ரேசியரைச் சந்தித்தார். 1967-ஆம் ஆண்டு அலியாக இருந்திருந்தால் ஃப்ரேசியரால் தொட்டிருக்கவே முடியாது என்கிறார்கள். கால்கள் பழைய கால்களில்லை என்பது படத்தைப் பார்த்தாலே தெரிகிறது. ஆனால் அந்தக் குறைந்துபோன அலிதான் மூன்றரை ஆண்டு கழித்து ஃபோர்மனை வீழ்த்தினார். அந்த வெற்றிக்கு இந்தத் தள்ளுபடியை யாரும் கொடுப்பதில்லை. வென்றால் முழு அலி, தோற்றால் பாதி அலி என்று இரண்டு படியில் அளக்க முடியாது. ஹெவிவெயிட் ஒருவர் தனக்கு எதிரே நின்ற மிகக் கடினமான ஆளுக்கு எதிராக ஒரே ராத்திரியில் காட்டிய திறமை என்று பார்த்தால் மார்ச் 8-க்கு மேலே நான் எதையும் வைக்க மாட்டேன்.

அடுத்தது பிலடெல்பியாக்காரர்கள் மனம் வெதும்பிச் சொன்னது: உண்மையான ராக்கி இவர்தான், சிலை மட்டும் சினிமா ராக்கிக்கு. நவம்பர் 14 அன்று ஈனோன் தேவாலயத்தில் நடந்த இறுதிச் சடங்கில் ஜெஸ்ஸி ஜாக்சனும் இதே ஆதங்கத்தைத்தான் பேசினார். பாதி உண்மை. கசாப்புக்கூடத்தில் வேலை பார்த்தபோது தொங்கும் மாட்டிறைச்சியைக் குத்திப் பழகியது ஃப்ரேசியரின் வாழ்க்கை. படத்தில் அது அப்படியே இருக்கிறது. ஆனால் யாரென்றே தெரியாத ஒருவன் சாம்பியனோடு கடைசி ரவுண்டுவரை நின்ற கதை, 1975-இல் அலியோடு மோதிய சக் வெப்னரிடமிருந்து படத்தை எழுதிய ஸ்டாலோனுக்குக் கிடைத்தது. ஃப்ரேசியர் யாரென்றே தெரியாதவர் அல்லவே, சாம்பியன். அவரைப் பாவப்பட்ட ராக்கியாக்கினால் அவர் உயரம்தான் குறைகிறது. 1976-இல் வந்த அந்தப் படத்தில் ஃப்ரேசியர் ஃப்ரேசியராகவே ரிங்கில் ஏறிக் கை குலுக்கிவிட்டுப் போவார், சில விநாடி. தன் வாழ்க்கையின் துண்டை வைத்து எடுத்த படத்தில் தானே விருந்தாளி.

சிலை விஷயத்தில் மட்டும் நகரத்தின் மேல் ரசிகர்களுக்கு இருந்த கோபம் நூறு சதம் நியாயம். மூன்றாவது ராக்கி படத்துக்காகச் செய்த வெண்கலச் சிலையை 2006-இல் அருங்காட்சியகப் படிக்கட்டடியில் நிறுத்தினார்கள். ஃப்ரேசியருக்கு அந்த ஊரில் சிலை வைத்தது 2015-இல், செத்து நாலு வருஷம் கழித்து. நார்த் பிராட் தெருவில் அவர் நடத்திய ஜிம் அவர் உயிரோடு இருக்கும்போதே மூடப்பட்டு, பிறகு நாற்காலி மேசை விற்கும் கடையானது. மாடியில்தான் அவர் பல காலம் குடியிருந்தார்.

இனிமேல்தான் கடினமான இடம். இரங்கல்களில் அடிக்கடி வந்த இன்னொரு வரி: எல்லாம் இருந்தது, மன்னிக்கும் மனம்தான் இல்லை. கசப்பைச் சுமந்தே போய்விட்டார். இதை மனமிரங்கிச் சொல்வதுபோலச் சொன்னார்கள். எனக்கு இதுதான் இருப்பதிலேயே அநியாயமான வரியாகப் படுகிறது.

அலி செய்தது என்ன? 1971 சண்டைக்கு முன்பிருந்தே ஃப்ரேசியரை 'அங்கிள் டாம்' என்றார், வெள்ளைக்காரனுக்குக் கூழைக்கும்பிடு போடும் கறுப்பன் என்றார். அவனுக்கு ஆதரவு கொடுக்கும் கறுப்பர்கள் எல்லோரும் அப்படித்தான் என்றார். 1975-இல் மணிலாவில் நடந்த சண்டைக்கு முன், சட்டைப் பையிலிருந்து ஒரு ரப்பர் கொரில்லா பொம்மையை எடுத்து, இதுதான் ஃப்ரேசியர் என்று பத்திரிகையாளர் முன்னால் குத்திக் காட்டினார். சபையே சிரித்தது. டிக்கெட் விற்பதற்கான விளையாட்டு அது என்று ரசிகர்கள் இன்றும் சமாதானம் சொல்கிறார்கள். விளையாட்டின் விலையைக் கொடுத்தவர் வேறொருவர். ஃப்ரேசியரின் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கேலிக்கு ஆளானார்கள். சண்டைக்கு முன் கொலைமிரட்டல் வந்து போலீஸ் காவல் போட வேண்டியிருந்தது.

அந்தப் பட்டப்பெயர் எவ்வளவு பொய் என்பதற்கு ஃப்ரேசியரின் பால்யத்திலேயே சாட்சி இருக்கிறது. பியூஃபோர்ட்டில் ஒரு வெள்ளைக்காரப் பண்ணையில் வேலை பார்த்தபோது, டிராக்டரைத் தெரியாமல் பழுதாக்கிய ஒரு சின்னப் பையனை முதலாளி பெல்டைக் கழற்றி வயலிலேயே அடித்தார். ஜோ அதைப் பார்த்தார், மற்றக் கூலிகளிடம் போய்ச் சொல்லிவிட்டார். முதலாளி அவரைப் பிடித்து, ஓடிப் போ, இல்லையென்றால் உனக்கும் பெல்ட்தான் என்றார். பெல்ட் இடுப்பிலேயே இருக்கட்டும், என்மேல் அது படாது என்று பதின்வயதுப் பையன் பதில் சொன்னான். 1950-களின் தென் கரோலினாவில் இந்தப் பதிலுக்கு உயிரே போயிருக்கலாம். இப்படிப் பேசுகிறவன் இந்த ஊரில் பிழைக்க முடியாது என்று வீட்டில் புரிந்துகொண்டார்கள். பதினைந்து வயதில் பஸ் ஏறி வடக்கே போனார். அலி வளர்ந்தது லூயிவில் நகரத்தில், ஓரளவு வசதியான வீட்டில். இருவரில் நிறவெறியின் சாட்டையை அருகிலிருந்து பார்த்தவர் எவர் என்று கேட்டால் பதில் தெளிவு.

ஃப்ரேசியர் அரசியல் பேசவில்லை என்பது வேறு விஷயம். பேசத் தெரியாது, பேச விரும்பவும் இல்லை. 1971-இல் தென் கரோலினா சட்டசபை அவரை அழைத்துப் பேசச் சொன்னது. அந்தக் கட்டடத்தின் மேல் அப்போது கான்ஃபெடரேட் கொடி பறந்துகொண்டிருந்தது. அலி அந்த இடத்தில் நின்றிருந்தால் கொடியைப் பற்றி ஒரு பாட்டே கட்டியிருப்பார். வியட்நாம் விஷயத்தில் அலி எடுத்த நிலை பெரியது. சிறைக்கும் துணிந்து, பட்டத்தையும் சம்பாத்தியத்தையும் இழந்து எடுத்த நிலை. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தியாகத்தில் கிடைத்த மரியாதையை எடுத்து, தன்னைவிட ஏழையாகப் பிறந்த இன்னொரு கறுப்பரை அடிக்கப் பயன்படுத்தினார். அதுவும் யாரை? தான் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில் தன் உரிமத்தைத் திரும்பக் கொடுக்கச் சொல்லிக் குரல் கொடுத்தவரை. கைமாற்றாகப் பணமும் கொடுத்தேன் என்று ஃப்ரேசியர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

2001-இல் அலி ஒரு செய்தித்தாளிடம் வருத்தம் தெரிவித்தார். கேட்க வேண்டியவனிடம் கேட்காமல் பேப்பரிடம் கேட்டால் எப்படி என்றார் ஃப்ரேசியர். இதில் தப்பு எங்கே இருக்கிறது? அவமானத்தை மேடை போட்டுச் செய்துவிட்டு மன்னிப்பை நிருபர் வழியாக அனுப்பினால், வாங்கிக்கொள்ளாதவன்மேல் குற்றம் சொல்ல முடியாது.

ஃப்ரேசியர் பக்கமும் அழுக்கு உண்டு. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் நடுங்கும் கையோடு அலி தீபம் ஏற்றியதை உலகமே கண்கலங்கிப் பார்த்தது. அந்த நெருப்புக்குள்ளேயே தள்ளிவிட்டிருக்க வேண்டும் என்ற பொருளில் பேசினார் ஃப்ரேசியர். அலியின் நோய் என் கைவேலை என்று பெருமை பேசவும் செய்தார். ஒருவருடைய நடுக்கத்தை வெற்றிக்கோப்பையாக வைத்துக்கொள்வது, எவ்வளவு அடிபட்டவன் செய்தாலும், கேவலம்தான். இரங்கல் எழுதிய ரசிகர்கள் நாகரிகம் கருதி இதை விட்டுவிட்டு, மன்னிக்கவில்லை என்பதை மட்டும் குறையாகச் சொன்னார்கள். சொல்லியிருக்க வேண்டிய குறையை விட்டார்கள், குறையே இல்லாததைச் சொன்னார்கள்.

மணிலாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அஞ்சலிகளில் பாதி அந்தச் சண்டையைப் பற்றித்தான். 1975 அக்டோபர் 1, அமெரிக்காவின் டிவி நேரத்துக்காக அங்கே காலையில் வைத்த சண்டை. ராணுவச் சட்டத்தில் நாட்டை வைத்திருந்த பிலிப்பைன்ஸ் அதிபர் மார்க்கோஸ் தன் ஆட்சிக்கு விளம்பரம் தேடி நடத்திய சண்டை. இதை ரசிகர்கள் பேசுவதேயில்லை. அந்தப் புழுக்கத்தில் பதினாலு ரவுண்டு. ஃப்ரேசியருக்கு இடது கண்ணில் நெடுநாளாகவே பார்வைக் குறை இருந்ததாகப் பிற்பாடு அவரே எழுதினார். அன்றைக்கு வலது கண்ணும் வீங்கி மூடிவிட்டது. வரும் குத்தே தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். மூன்று மதிப்பெண் அட்டைகளிலும் அலி முன்னால். பதினைந்தாவது ரவுண்டுக்கு ஃப்ரேசியர் எழப் பார்த்தார். ஃபட்ச் உட்கார வைத்துவிட்டார். ரிங்கில் மனிதர்கள் செத்துப்போவதைப் பார்த்திருந்தவர் அவர். அலியும் அடுத்த ரவுண்டுக்கு வந்திருக்க மாட்டார், ஃபட்ச் அவசரப்பட்டுவிட்டார் என்று முப்பத்தாறு வருஷமாக விசிறிகள் விவாதித்தார்கள், இறந்த வாரத்திலும் விவாதித்தார்கள். அலி நாற்காலியிலேயே இருந்திருப்பாரோ என்னவோ, கண் தெரியாத ஒருவரை மூன்று நிமிடம் அலி முன்னால் அனுப்பாதது சரி. அந்த நாளில் அந்த அரங்கத்தில் சரியாக நடந்துகொண்ட ஒரே ஆள் ஃபட்ச்தான் என்றுகூடச் சொல்வேன். இருவரும் அதற்குப் பிறகு பழைய ஆட்களாக இல்லை. அதை உச்சம் என்று கொண்டாடுகிறவர்களுக்கு ஃப்ரேசியரின் கலைமேல் அக்கறை குறைவு, அவர் பட்ட அடியின்மேல் ரசனை அதிகம்.

ஆகவே என் கணக்கு இது: ஹெவிவெயிட் வரிசையில் ஏழாவது எட்டாவது இடம். ஒரே ராத்திரியின் திறமை என்றால் முதல் இடம். அலியோடான வழக்கில் நியாயம் ஃப்ரேசியர் பக்கம், அலியின் நோயைப் பற்றிப் பேசிய பேச்சைத் தவிர. அவர் நினைவாக ஒரு சண்டையைப் பார்க்க நினைப்பவர்கள் மணிலாவை விட்டுவிட்டு 1971 மார்ச் 8-ஐப் போட்டுப் பாருங்கள். பதினைந்தாவது ரவுண்டுக்கு ஓட்டிவிடாதீர்கள். மூன்றாவது நாலாவது ரவுண்டிலிருந்து, அலியை விட்டுவிட்டு, ஃப்ரேசியரின் தலையையும் இடுப்பையும் மட்டும் பார்த்துக்கொண்டு வாருங்கள்.